ஒரு மாணவரைச் சேர்க்க முழு இமேஜையும் கட்ட வேண்டாம்

எல்டிஎஸ்பி என்பது லேபிலுள்ள கணினிகளை (கிளையன்ட்டுகளை) நெட்வொர்க் வழியாக ஒரே சர்வரிலிருந்து பூட் செய்யும் மென்பொருள். அதன் சர்வரில் புதிதாக ஒரு பயனரைச் சேர்த்தாலோ, எல்டிஎஸ்பி கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தினாலோ, 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி' என்ற கட்டளை ஒன்றே போதும். அப்புறம் கிளையன்ட்டை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரி.

இமேஜ் என்பது கிளையன்ட்டுகள் பூட் ஆகும் இயங்குதளத்தின் சுருக்கிய நகல்; அதில் இருப்பது மென்பொருள்கள். பயனர் பட்டியலும் அமைப்புகளும் தனியாக ஒரு சிறிய கோப்பில் இருந்து, பூட் ஆகும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து இறங்குகின்றன. அந்தக் கோப்பு சில நொடிகளில் தயாராகிவிடும். பல ஜிபி இமேஜைச் சுருக்குவதற்கோ பழைய சர்வரில் வெகுநேரம் பிடிக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் மேலூர், திருமங்கலம் பக்கம் லேப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தினமும் இரண்டு மூன்று புதுப்பெயர் வந்துகொண்டே இருக்கும், அவர்கள் இதை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், வழக்கமான அமைப்பில் இதுகூடத் தேவையில்லை; அது சர்வரிலேயே சரிபார்க்கப்படுகிறது.

மென்பொருள் நிறுவினாலோ அப்டேட் செய்தாலோ இமேஜைக் கட்டத்தான் வேண்டும். 2019-க்கு முந்தைய எல்டிஎஸ்பி 5-இல் இந்த 'இனிட்ஆர்டி' முறை கிடையாது.