ஊருக்கு பஸ் கேட்கும்போது விடக்கூடாத தவறுகள்: திருகோணமலைக் கூட்டமைப்புகளுக்கு

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மீனவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எல்லாம் ஒன்றாக நின்று பஸ் சேவை கேட்பது பெரிய பலம். ஆனால் அந்தப் பலம் முழுவதும் ஒரு மகஜரிலேயே செலவாகிவிடுவதுதான் கவலை. நூற்றுக்கணக்கான கையெழுத்துகளோடு போகும் மகஜர் கோப்பில் கிடந்துவிடும். அதிகாரி ஒப்பமிடக்கூடிய வடிவில் கேட்ட கோரிக்கையோ ஒரே பக்கமாக இருந்தாலும் நகரும்.

முதல் தவறு, கதவு மாறித் தட்டுவது. பஸ் என்றால் எல்லாம் ஒரே அலுவலகம் என்று நினைத்துவிடுகிறோம். கிழக்கு மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாண எல்லையைத் தாண்டினால் 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இங்கே பலர் தடுமாறுவது மாவட்ட எல்லையில்தான். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் பஸ் மாவட்டம் கடந்தாலும் மாகாணம் கடப்பதில்லை. அது மாகாண அதிகார சபையின் விஷயம். வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ போகிற பஸ் ஆணைக்குழுவின் விஷயம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் மத்திய அரசின் கீழ் வருவது; அதற்கு முதலில் பேச வேண்டியவர் அந்த பஸ் சாலையின் (டிப்போவின்) முகாமையாளர், அடுத்தது பிராந்திய அலுவலகம். அரசாங்க அதிபருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் பிரதி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிடுபவர்கள் அவர்கள் அல்ல.

பஸ் தரிப்பிடக் கூரையிலும் இதே சிக்கல்தான். ‘ஏ’, ‘பி’ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதம் வேண்டும்; ‘சி’, ‘டி’ என்றால் மாகாண வீதித் திணைக்களம்; உள்வீதி என்றால் உள்ளூராட்சி மன்றம். நன்கொடையாளர் கிடைத்த மகிழ்ச்சியில் முதலில் தூணை நட்டால், வீதியை அகலிக்கும் நாளில் அது இடிபடும்.

அடுத்தது, எண்ணாமல் கேட்பது. “பயணிகள் பெரும் சிரமப்படுகின்றனர்” என்ற வரியை வைத்து, பஸ் புறப்படும் நேரங்களைக் கவனிக்கும் நேரக் கணிப்பாளர் எவராலும் அட்டவணை போட முடியாது. மூன்று நாள் எண்ணுங்கள்: ஒரு சாதாரண வேலைநாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சனிக்கிழமை. தடத்தின் தொடக்கம், நடு, பட்டணத்துக்கு முந்திய சந்தி ஆகிய மூன்று இடங்களில் ஆளுக்கொரு கொப்பியோடு இடத்துக்கு இருவர் நின்றால் போதும். காலை 5.30 முதல் 8.30 வரையும், பகல் 11.30 முதல் 2.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் பாருங்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஐந்து குறிப்பு: வந்த நேரம், இ.போ.ச.வா தனியாரா, இருந்தவர்கள், நின்றவர்கள், ஏற முடியாமல் விடுபட்டவர்கள். கடைசிக் குறிப்புத்தான் மிக முக்கியம், பெரும்பாலும் எழுதாமல் விடுவதும் அதைத்தான். பஸ்ஸுக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் “ஓடுகிற பஸ் போதும்” என்ற முடிவுக்கே கணக்கு இழுத்துப்போகும். ஓட்டோவில் பங்கு போட்டுப் போகிறவர்களையும், மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு போகும் பாடசாலைப் பிள்ளைகளையும் தனி நிரலில் எழுதுங்கள். பஸ் வந்தால் ஏறப்போகிறவர்கள் அவர்கள்தான்.

வெள்ளிக்கிழமையைத் தனியாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கம் ஜும்ஆ நேரத்தில் பயண ஓட்டமே மாறிவிடும். முஸ்லிம் பாடசாலைகளும் நேரத்தோடு விட்டுவிடும். திங்கள் முதல் வியாழன் வரைக்குமான அட்டவணையை வெள்ளிக்கும் அப்படியே போட்டால் ஒரு பக்கம் வெறும் பஸ் ஓடும், இன்னொரு பக்கம் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். மார்கழி மழைக்கால ஓட்ட நேரமும் ஆடி மாத ஓட்ட நேரமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவது தவறு “அரை மணிக்கு ஒரு பஸ்” என்று கேட்பது. கணக்கு இப்படி: ஒரு வழிக்கு 50 நிமிடம், ஒவ்வொரு முனையிலும் 10 நிமிட ஆறுதல் என்றால் ஒரு சுற்று 120 நிமிடம். அரை மணிக்கு ஒன்று ஓட 120ஐ 30ஆல் வகுக்க வேண்டும்; நான்கு பஸ், பழுதானால் மாற்ற ஒன்று, ஐந்து சோடி சாரதி நடத்துனர். சிறிய சாலையொன்று இதைப் படித்ததும் “வளம் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடும். அதற்குப் பதிலாக நான்கு நேரங்களை மட்டும் கேளுங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால் 7.10க்குள் பட்டணம் சேரும் ஒன்று. வைத்தியசாலைக் கிளினிக்குக்கும் 8.30 அலுவலகத்துக்கும் தோதான ஒன்று; 1.30க்குப் பாடசாலை விட்டபின் 1.45க்குத் திரும்பும் ஒன்று. வேலை முடிந்து வருபவர்களுக்கு மாலை 5.30 அளவில் கடைசி ஒன்று. இதற்கு இரண்டு பஸ்ஸே போதும். கடைசி பஸ்ஸை மறக்கவே வேண்டாம். திரும்பி வர வழியில்லை என்றால் காலையிலும் அந்த பஸ்ஸில் ஆள் ஏறாது. மூன்று மாதத்தில் நட்டக் கணக்கைக் காட்டி நிறுத்திவிடுவார்கள்.

காலை 6 மணி பஸ் ஊரிலிருந்து புறப்பட வேண்டுமென்றால் அது முதல்நாள் இரவு ஊரிலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் 30 கிலோமீற்றர் தள்ளியுள்ள சாலையிலிருந்து விடிய முன் வெறுமையாக ஓடி வர வேண்டும். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் என்று வைத்தாலும் தினமும் 7 லீற்றருக்கு மேல் டீசல் வருமானமில்லாமல் எரியும். ஆகவே பஸ் கேட்கும் கடிதத்தோடு இரவுத் தரிப்புக்கான ஏற்பாட்டையும் ஊர் கொடுக்க வேண்டும்: வெளிச்சமும் கேற்றும் உள்ள இடம், சாரதியும் நடத்துனரும் படுக்க மின்விசிறியோடு ஒரு அறை, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வழி. பொதுநோக்கு மண்டபத்தின் பின்னறை போதும். திறப்பு யாரிடம், தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்பதுவரை எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுங்கள். இந்த ஒரு தாள் நூறு கையெழுத்தைவிடப் பெறுமதியானது.

தனியார் பஸ் உரிமையாளர் சங்கத்தை வெளியே வைத்துவிட்டுப் பேசுவது இன்னொரு பிழை. ஏற்கனவே 7 மணிக்கு ஓடும் தனியார் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முந்தி இ.போ.ச. பஸ்ஸைப் போட்டால் இரண்டும் ஒரே சனத்துக்கு ஓட்டப்போட்டி நடத்தும். பிறகு வாய்த்தர்க்கம், பணிப்பகிஷ்கரிப்பு, சேவை நிறுத்தம். இரு தரப்பையும் ஒரே மேசையில் இருத்தி இணைந்த நேர அட்டவணை போடுங்கள்; இரண்டுக்கும் இடையில் குறைந்தது 20 நிமிடம் விடுங்கள்; நேரக் கணிப்பாளர்களையும் அழையுங்கள். அட்டவணையை நாளாந்தம் காப்பாற்றுபவர்களும் குழப்புபவர்களும் அவர்களே.

ஆள் குறைந்த தடத்துக்கு “நட்டம் என்றாலும் ஓட்டுங்கள்” என்று மன்றாட வேண்டியதில்லை. வருமானம் போதாத கிராமத் தடங்களுக்கு மானியம் கொடுக்கும் ‘கெமி சரிய’, மாணவர்களுக்கான ‘சிசு சரிய’ ஆகிய திட்டங்கள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் உள்ளன. எண்ணிக் கிடைத்த கணக்கை இணைத்து, திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பாலமோ வீதியோ திருத்தும்போது, வேலை தொடங்க முன்னரே மாற்றுப் போக்குவரத்தைக் கேட்காமல் விடுவது மன்னிக்க முடியாத தவறு. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் படகுப் பாதை (ஆட்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தோம். கட்டுமானக் காலத்தில் சுற்றுவழி பஸ் எது, அதன் நேரம் என்ன, படகுப் பாதை ஓடுவதானால் எத்தனை பேர், உயிர்காப்பு அங்கி எத்தனை, யார் பொறுப்பு என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் அடிக்கல் விழாவுக்குப் போகாதீர்கள்.

ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதிகாரிகள் “செய்து தருகிறோம்” என்று சொன்னதும் நம்மவர்கள் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கூட்டக் குறிப்பில் எந்த அலுவலர், எந்தத் திகதிக்குள் என்று பதிவாகவில்லை என்றால் அவர் இடமாற்றம் பெற்றதும் விஷயம் முடிந்தது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானமாக்கி, அதன் பின்னர் மாவட்டக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். மூன்று மாதப் பரீட்சார்த்த சேவை என்று கேட்டால் சம்மதம் இலகுவாகக் கிடைக்கும். அந்த மூன்று மாதமும் ஓடிய நாள், ஓடாத நாள், பிந்திய நிமிடம், ஏறியவர் தொகை ஆகியவற்றை நீங்களே குறித்து, மாத முடிவில் சாலை முகாமையாளருக்கு ஒரு பிரதி கொடுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். “ஏன் பஸ் வரவில்லை” என்று கேட்காமல், “இந்தத் தடத்துக்கான அனுமதிக்கப்பட்ட நேர அட்டவணையினதும் கடந்த மூன்று மாத ஓட்டப் பதிவினதும் பிரதி” என்று கேளுங்கள்.