வீட்டுக்கு ஒரு மியூசிக் சர்வர்: காசை எங்கே போடக் கூடாது

அப்பா சேர்த்து வைத்திருந்த கேசட்டுகள் இருநூறுக்கு மேல் இருக்கும். பாதி கடையில் வாங்கியவை. மீதி, ஊர்க் கோயில் திருவிழாவில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரே பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிகள். அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற எனக்கு எட்டு மாதம் ஆனது. ஏற்றி வைத்திருந்த ஒரே ஹார்ட் டிஸ்க் ஒரு கோடையில் நின்றுபோனது. கடைப் பாட்டுகள் எப்படியோ திரும்பக் கிடைத்துவிட்டன. திருவிழா கேசட்டுகளை மறுபடியும் ஓட்டியபோது, பதினேழு கேசட்டுகளில் நாடா பூசணம் பிடித்துப்போய் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டிஸ்க் இருந்தது ஒரு மியூசிக் சர்வரில், அதாவது பாட்டுகளைச் சேமித்து வைத்து வீட்டு நெட்வொர்க் வழியாக அனுப்பும் கம்ப்யூட்டரில். அதன் பிராசஸருக்கும் ராமுக்கும் தாராளமாகச் செலவழித்திருந்தேன். இரண்டாவது டிஸ்க்கைத்தான் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். பாட்டு சர்வர் அமைக்க என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் அந்தப் பதினேழு கேசட்டிலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறேன்.

வேகம் வேண்டும் என்று நினைப்பது

சிடியில் இருக்கும் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 1,411 கிலோபிட். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் இது ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் உயர்தரப் பதிவுகளைச் சுருக்காமல் அனுப்பினாலும் வினாடிக்கு 9.2 மெகாபிட்தான். பழைய 100 மெகாபிட் லேன் போர்ட்டே இதற்குத் தாராளம். டிஸ்க்கிலிருந்து கோப்பை எடுத்து நெட்வொர்க்கில் அனுப்புவதுதான் சர்வரின் வேலை. எட்டு கோர் பிராசஸருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை.

நேவிட்ரோம், லிரியன் மியூசிக் சர்வர் (முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்தது) போன்ற மென்பொருள்கள் 2 ஜிபி ராம் உள்ள ராஸ்பெர்ரி பை 4 என்ற கையகலக் கம்ப்யூட்டரில் (சுருக்கமாக 'பை') நன்றாகவே ஓடும். ஆனால் எல்லா மென்பொருளும் அப்படி இல்லை. ரூன் சர்வரை ராஸ்பெர்ரி பையில் ஓட்ட முடியாது. விண்டோஸ், லினக்ஸ் பெட்டி என்றால் அதற்கு இன்டெல் அல்லது ஏஎம்டி வகை 64 பிட் பிராசஸரும், அதன் தரவுத்தளத்தை வைக்க ஒரு எஸ்எஸ்டியும் (சுழலும் தகடு இல்லாத சிப் வகை டிஸ்க்) வேண்டும். பையைப் பாட்டு கேட்கும் முனையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதே பெட்டியில் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வர் மென்பொருளைப் போட்டு வீடியோவும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு மறுபடி மாறும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது பெரிய வேலை; வீடியோ வசதி உள்ள இன்டெல் சிப் அங்கே கைகொடுக்கும். அதனால் மென்பொருளை முடிவு செய்த பிறகு கடைக்குப் போங்கள். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு அதில் என்ன ஓடும் என்று தேடுபவர்கள்தான் இரண்டாவது பெட்டியும் வாங்குகிறார்கள்.

பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை எடுத்துப் போட்டால் செலவே இல்லையே என்று தோன்றும். சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். டிஸ்க்கோடு சேர்த்து 7 வாட் எடுக்கும் ராஸ்பெர்ரி பைக்கு அதே காலத்தில் 10 யூனிட் போதும். இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசிகளும், அலுவலகங்களில் ஓடிக் கழிந்து சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய விலைக்கு வரும் சின்னப் பெட்டி கம்ப்யூட்டர்களும் பைக்குச் சற்று மேலே நிற்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் முதல் சர்வருக்கு அந்தப் பழைய சின்னப் பெட்டியே நல்ல தேர்வு. எஸ்எஸ்டியை உள்ளேயே மாட்டலாம், அடாப்டரும் கூடவே வந்துவிடும்.

பழைய லேப்டாப் இருந்தால் அதுவும் நல்லதே. பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் நிற்காது. ஆனால் எப்போதும் சார்ஜில் இருக்கும் பேட்டரி நாளடைவில் உப்பிவிடலாம். 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டச்பேட் மேலே எழும்புவது தெரிந்தால் அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

கரண்டைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

நான் பார்த்தவரை, "டிஸ்க் கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் நிறைய, உண்மையில் கரண்ட் சம்பந்தப்பட்டவை. மேசையில் கிடக்கும் போன் சார்ஜரை எடுத்து ராஸ்பெர்ரி பையில் சொருகிவிடுகிறோம். பை 4 கேட்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பை 5-க்கு 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் பை தானாகவே யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். கையடக்க ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்த இரண்டு வினாடிக்கு அதைவிட அதிகம் கேட்கும். கிடைக்காதபோது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் டிஸ்க் காணாமல் போகும், மறுபடி வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் கோப்புகள் சிதையும். நல்ல டிஸ்க்கைக் குறை சொல்லிப் புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். புதியதும் அதே சத்தம்தான் போட்டது. பை 4-இலும் எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். இரண்டு டிஸ்க் மாட்டுவதென்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மின்வெட்டு. சர்வர் ஓடும்போது சட்டென்று கரண்ட் போனால் முதலில் அடி வாங்குவது மைக்ரோ எஸ்டி கார்டு. அதிலேயே இயங்குதளம், அதிலேயே தரவுத்தளம், ஓயாமல் எழுதும் லாக் கோப்புகள் என்று எல்லாவற்றையும் வைத்தால் ஒரு நாள் பை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சின்ன எஸ்எஸ்டி ஒன்றிலிருந்து பையைத் துவக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்; சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்த நொடிப்பொழுதில் சர்வர் அணைந்து எழக்கூடும். ரவுட்டருக்கு வாங்கும் குட்டி யுபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட். பைக்கு அது ஆகாது. 5 வோல்ட் வெளியீடும் போதிய ஆம்பியரும் உண்டா என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெளி டிஸ்க்குகள் பல கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் கோப்பு முறையில் இருக்கும். அதில் ஜர்னல் கிடையாது, அதாவது பாதியில் நின்ற எழுத்தைப் பிறகு சரிசெய்துகொள்ள அதனிடம் குறிப்பு எதுவும் இருக்காது. லினக்ஸ் சர்வர் என்றால் ஈஎக்ஸ்டி4-க்கு மாற்றிவிடுவது நல்லது. அங்கே தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ஆக ஐம்பது எழுத்தைச் சுற்றி முடிந்துவிடும். விண்டோஸில் ராகம், தாளம், பாடியவர், ஊர், தேதி எல்லாம் சேர்த்து நீளமாகப் பெயர் வைத்த கச்சேரிக் கோப்புகள் இங்கே நகலாகாமல் நின்றுவிடும். சில நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் நேராக மாட்டும் டிஸ்க் பெட்டிகள்) என்கிரிப்ட் செய்து பூட்டிய கோப்புறைக்கு வரம்பு 143 பைட்தான். பெயரைச் சுருக்கி, விவரங்களைக் கோப்புக்குள் இருக்கும் டேக்கில் எழுதுங்கள்.

பெரிய டிஸ்க் ஒன்று வாங்குவது

ஒரு சிடி ஃப்ளாக்காக மாறினால் 300 முதல் 400 எம்பி. 1 டிபியில் இரண்டாயிரத்து ஐநூறு சிடி வரை அடங்கும். பெரும்பாலான வீடுகளுக்கு இது ஆயுளுக்கும் போதும். நான்கு டிஸ்க் மாட்டும் நாஸ் பெட்டி பார்க்க அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தில் 1 டிபி அல்லது 2 டிபி டிஸ்க் மூன்று வாங்கி, ஒன்றை சர்வரிலும் ஒன்றை அலமாரியிலும் ஒன்றை வேறு வீட்டிலும் வைக்கலாம்.

ரெய்டு (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு) போட்டிருக்கிறேனே என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் பாட்டு நிற்காமல் இருக்க ரெய்டு உதவும். தவறிப்போய் ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். இடி விழுந்தால் பெட்டியோடு போகும். பேக்கப் என்பது கழற்றி வேறு இடத்தில் வைத்த நகல். ரெய்டுதான் வேண்டும் என்று முடிவு செய்தால் சிஎம்ஆர் வகை டிஸ்க் என்று கேட்டு வாங்குங்கள். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள், ஒன்று பழுதாகி மற்றதிலிருந்து மறுபடி கட்டும்போது மிகவும் திணறும். தனியாக மாட்டிப் பாட்டு படிக்க மட்டும் என்றால் எஸ்எம்ஆரில் தப்பே இல்லை.

சர்வரில் எஸ்எஸ்டி, அலமாரியில் ஹார்ட் டிஸ்க் என்பது என் பழக்கம். எஸ்எஸ்டிக்குச் சத்தம் கிடையாது. ஆனால் நெடுநாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால், அதுவும் வெயில் காலத்தில், அதில் இருப்பது மெல்ல அழியலாம்.

சர்வரில் இனிமையைத் தேடுவது

இசைப் பிரியர்களுக்கென்றே விலை உயர்ந்த சர்வர், தனி லேன் கேபிள் எல்லாம் விற்கிறார்கள். நெட்வொர்க்கில் போவது எண்கள். வழியில் ஏதாவது தவறினால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அதிலேயே உண்டு. ஒலி எப்படி இருக்கும் என்பது மறுமுனையில் இருக்கும் டிஏசி (எண்களை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் கருவி), ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகியவற்றின் கையில். பை 4-இல் உள்ள 3.5 மிமீ ஹெட்போன் துளை சுமாரானது. பை 5-இல் அதுவும் இல்லை. சின்ன யுஎஸ்பி டிஏசி ஒன்று வாங்கினால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இதனால் இன்னொரு நன்மை: சர்வர் ஹாலில் இருக்க வேண்டியதில்லை. ரவுட்டர் பக்கத்தில் லேன் கேபிள் மாட்டி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் அருகே பாட்டு வாங்கும் சின்னக் கருவியை மட்டும் வைக்கலாம். கதவு மூடிய டிவி அலமாரியும், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணும் வேண்டாம். பை 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படித் தற்காத்துக்கொள்ளும் வழி இல்லை.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு பழைய சின்னப் பெட்டி, 1 டிபி எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பீரோவில், ஒன்று தஞ்சாவூரில் அக்கா வீட்டில். பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருகிறேன்.