மெரினாவில் வரலாற்று நடை: முதலில் கடலுக்கு இறங்காதீர்கள்

நேப்பியர் பாலத்தில் தொடங்கி, காமராஜர் சாலையோரமாகக் கலங்கரை விளக்கம் வரை நடந்தால் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். மேடு பள்ளம் இல்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை. இவ்வளவு சுலபமான பாதையிலும், புதிதாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் மாற்றாமல் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எல்லாம் நாங்கள் ஒரு காலத்தில் செய்தவைதான். தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல செருப்பு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மாலையில் கிளம்புவது

காற்று வாங்க மாலை சரி. கட்டடம் பார்க்க அது நேரம் இல்லை. மாநிலக் கல்லூரியும் ஐஸ் ஹவுஸும் (பழைய பனிக்கட்டிக் கிடங்கு, இன்றைய விவேகானந்தர் இல்லம்) கிழக்கே கடலைப் பார்த்து நிற்பவை. காலை ஆறரை மணிக்கு வெயில் நேராக முகப்பில் விழும். கல்லூரியின் குவிமாடமும் அதில் இருக்கும் கடிகாரமும் துல்லியமாகத் தெரியும். மாலையில் சூரியன் பின்பக்கம் போய்விடும். அப்புறம் எத்தனை படம் எடுத்தாலும் கறுப்பாக ஒரு உருவம்தான் மிஞ்சும்.

"முதலில் கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்"

மொத்த நடையையும் சாப்பிட்டுவிடும் தவறு இது. இன்றைக்கும் யாராவது இப்படிச் சொல்வது காதில் விழுந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் காலை உழைப்பாளர் சிலை அருகே ஒரு புதுக் குழுவைப் பார்த்தேன். கூட்டிக்கொண்டு வந்த தம்பி நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார், கையில் பக்கம் பக்கமாகக் குறிப்பு. "அஞ்சே நிமிஷம், கால் நனைச்சிட்டு வந்துடலாம்" என்றார். எங்கே அஞ்சு நிமிஷம்? மணலே சில இடங்களில் 300 மீட்டருக்கு மேல் அகலம். தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் அசராமல் நடக்கிற பெரியவர்களுக்கும் அந்த மணலில் முழங்கால் விட்டுப்போகும். ஒரு பையன் இடுப்பு வரை நனைந்து நின்றான், அவன் அம்மா திட்டிக்கொண்டே துண்டு தேடினார். இரண்டு பேர் குதிரைப் பக்கம் போய்விட்டார்கள். எல்லோரையும் திரட்டிச் சாலைக்குக் கொண்டுவருவதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நானும் பின்னாலேயே போனேன். ஐஸ் ஹவுஸ் வருவதற்குள் பாதிப் பேர் ஆட்டோ பிடித்துப் போயிருந்தார்கள்.

நேரம் போனதுகூடப் பரவாயில்லை. மிச்சமிருந்தவர்களில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, கப்பல்ல வந்த ஐஸை வைக்கிற கிடங்கை இவ்வளவு தள்ளியா கட்டுவாங்க? கொண்டு வர்றதுக்குள்ள உருகிடாதா?" அருமையான கேள்வி. தம்பியோ, "மாட்டு வண்டியில வேகமா கொண்டு வந்திருப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சற்றுமுன் எல்லோரும் மிதித்துவிட்டு வந்த மணலில்தான் பதில் இருந்தது.

1840களில் அந்தக் கிடங்கைக் கட்டியபோது கடல் இவ்வளவு தூரத்தில் இல்லை. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், தன் ஊர்ப் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளியே நிற்கும், சரக்கு மசூலா என்ற, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளில் அலை தாண்டிக் கரைக்கு வரும். கரையை ஒட்டியே கிடங்கு.

1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கரையோரம் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதுதான் அதிகம். சுவர் அதைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்று கடல் கரையை அரித்தது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்ததும் இப்படி வளர்ந்துகொண்டிருந்த கரையில்தான்.

ஆகவே கடலை முதலில் காட்டாதீர்கள். ஐஸ் ஹவுஸ் வாசலில் சுவருக்கு முதுகு காட்டி எல்லோரையும் நிற்க வையுங்கள். எதிரே சாலை, புல்வெளி, மணல், அதற்கும் அப்பால் ஒரு கோடாகக் கடல். "இந்த வாசல் வரை ஐஸ் எப்படி வந்திருக்கும்?" என்று நீங்களே கேளுங்கள். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள், யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கியதை அதற்கப்புறம் சொல்லலாம். கால் நனைத்தே ஆகவேண்டும் என்பவர்களை நடை முடிந்ததும் இறக்கிவிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

கதையை செனட் ஹவுஸிலிருந்து தொடங்குவது

பாலத்திலிருந்து வரும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் முதலில் வருகிறது என்பதால் கதையையும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். குவிமாடத்தைப் பார்த்து "நவாப் காலத்துக் கட்டடம்" என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1879-ல் முடிந்தது. நவாப் முகம்மது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனைதான் மூத்தது, 1768. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சிஸம் தன் பாணியைப் பிடித்தார். அரண்மனைக்கு நடுவில் நிற்கும் கோபுரமும் அவர் பிற்பாடு சேர்த்ததே.

சிக்கல் என்னவென்றால், அரண்மனை சாலையிலிருந்து கண்ணில் படாது. முன்னால் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் மறைக்கிறது. எழிலகத்தையே அரண்மனை என்று காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு! வாலாஜா சாலைப் பக்கம் திரும்பி எட்டிப் பாருங்கள். உள்ளே அரசு அலுவலகங்கள், அனுமதி இல்லாமல் கூட்டமாக நுழையாதீர்கள்.

"உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை"

இல்லை. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை ஒன்றே 100 கிலோமீட்டருக்கு மேல். மெரினா அதற்குப் பக்கத்தில்கூட வராது.

உழைப்பாளர் சிலைக்கு முன்னால் மே தினம்

தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான், ஆனால் இந்தச் சிலைக்கு முன்னால் அல்ல. தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்த சிலை இங்கே வந்தது 1959-ல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தவறு போகவே மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு சிலைக்கும் நிற்பது

1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்தவை வரிசையாக வரும். இரண்டு போதும். கண்ணகி கட்டாயம்: 2001-ல் எடுக்கப்பட்டு 2006-ல் திரும்ப வந்த சிலை என்பதால் கூட்டத்தில் எப்படியும் ஒரு விவாதம் கிளம்பும். இன்னொன்று உங்கள் விருப்பம்.

கலங்கரை விளக்கத்தில் ரயில் பிடிக்கலாம் என்பது

பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பெயர்தான் அது. விளக்கின் அடியில் ரயில் நிற்காது, மேற்கே இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். களைத்துப்போன கூட்டத்திடம் இதைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.