'தி ப்ரைஸ் இஸ் ரைட்': மளிகை விலையைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 செப்டம்பர் 4 முதல் ஓடிக்கொண்டிருக்கும், பொருள்களின் விலையைக் கணித்துப் பரிசு வெல்லும் போட்டி நிகழ்ச்சி 'தி ப்ரைஸ் இஸ் ரைட்'. பாப் பார்க்கர் 2007 வரை நடத்தினார்; அதன்பின் ட்ரூ கேரி நடத்துகிறார். கார், படகு, உல்லாசப் பயணம் என்று பெரிய பரிசுகள் அங்கே வரிசையாக நிற்கும். ஆனால் அவை கைக்கு வருமா வராதா என்பதைப் பல ஆட்டங்களில் முடிவு செய்வது ஒரு பாட்டில் சாஸ், ஒரு டப்பா பற்பசை, ஒரு பாக்கெட் பிஸ்கட்டின் விலைதான்.

நம் ஊரில் இருந்து பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, அந்தப் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. இருக்கும் என்று எண்ணுவது. இந்தியாவில் பொட்டலத்தின் மீது அதிகபட்ச சில்லறை விலையை, எல்லா வரிகளும் சேர்த்து, அச்சிட்டாக வேண்டும். அதற்கு மேல் விற்கக்கூடாது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தயாரிப்பாளர் ஒரு விலையைப் பரிந்துரைக்கலாம். கடைக்காரர் அதைக் கூட்டியும் குறைத்தும் விற்கலாம். ஒரே தானிய டப்பா ஒரே ஊரின் இரண்டு கடைகளில் இரண்டு விலைக்கு இருக்கும். நிகழ்ச்சியில் 'ஆக்சுவல் ரீட்டெய்ல் ப்ரைஸ்' (உண்மையான சில்லறை விலை) என்று அறிவிப்பது, தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலையையும், நிகழ்ச்சி பதிவாகும் தென் கலிஃபோர்னியாவில் வழக்கமாக விற்கும் விலையையும் ஒட்டியது. ஆகவே வேறொரு மாநிலத்தின் சிற்றூரில் வாங்கிய பில்லை வைத்து 'விலையே தப்பு' என்று சண்டைக்குப் போவதில் பொருளில்லை. தள்ளுபடி விலை, கூப்பன் விலை, மொத்தக் கடை விலை எல்லாவற்றையும் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். விற்பனை வரியும் கணக்கில் வராது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு அந்த வரியே கிடையாது என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: 'டி.வி.க்காரர்கள் தங்களுக்குத் தோன்றிய விலையை வைத்துவிடுகிறார்கள்' என்பது. இது வெறும் வாய்ப்பேச்சு. 1950-களில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து ஜெயிக்க வைத்த மோசடி வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அதன் விளைவாக 1960-இல் சட்டம் திருத்தப்பட்டது. பார்வையாளரை ஏமாற்றும் நோக்கில் போட்டி முடிவை மறைமுகமாக ஏற்பாடு செய்வது தண்டனைக்குரிய குற்றமானது. தொலைக்காட்சி நிறுவனத்தின் கண்காணிப்புப் பிரிவினர் பதிவின்போது கூடவே இருக்கிறார்கள். போட்டியாளர் ஜெயிக்கப் போகிறார் என்று தெரிந்து சாஸ் விலையை ஐம்பது சென்ட் ஏற்றினால் அது குற்ற வழக்காகிவிடும்.

அப்படியானால் தயாரிப்புக் குழுவின் கை எங்கே இருக்கிறது? பொருளைத் தேர்ந்தெடுப்பதில். விலை கடையில் முடிவாகிறது. எந்தப் பொருளை எதன் பக்கத்தில் வைப்பது என்பது மட்டும் குழுவின் கையில். சிக்கல் முழுவதும் அந்த அடுக்கலில்தான் இருக்கிறது. 'ஹை லோ' என்ற ஆட்டத்தில் ஆறு பொருள்கள் இருக்கும். அவற்றில் விலை கூடிய மூன்றைச் சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் டாலர், சென்ட் வரை விலை சொல்ல முயன்று குழம்புகிறார்கள். அங்கே தேவை, விலை வரிசையில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பது மட்டும்தான். பெட்டியின் அளவு கண்ணை ஏமாற்றும். பெரிய சிப்ஸ் பையைவிடச் சின்ன தலைவலி மாத்திரை பாட்டிலுக்கு விலை அதிகம் இருக்கும். அறிவிப்பாளர் எத்தனை அவுன்ஸ், எத்தனை மாத்திரை என்று படிக்கும்போது கைதட்டிக்கொண்டிருந்தால் பாதி துப்பு போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது 'க்ரோசரி கேம்'. ஐந்து பொருள்கள் இருக்கும். விலை தெரியாமலே ஒவ்வொன்றாக வேண்டிய எண்ணிக்கையில் வாங்கி, மொத்தத்தை 20 டாலருக்கும் 22 டாலருக்கும் நடுவே கொண்டுவர வேண்டும். 22-ஐத் தாண்டினால் தோல்வி. இங்கே பலரும் விழும் குழி பெருக்கல். ஒரு பொருள் 4 டாலர்தான் என்று நம்பி ஐந்து கேட்கிறார் என்று வையுங்கள். அவர் கணக்கில் சரியாக 20. உண்மையில் அது 4.49 என்றால் மொத்தம் 22.45, ஆட்டம் முடிந்தது. ஒன்றில் செய்த 49 சென்ட் பிழை ஐந்து மடங்காகிவிட்டது. நான்கு வாங்கியிருந்தால் 17.96, மீதியை இன்னொரு மலிவான பொருளால் நிரப்ப இடம் இருந்திருக்கும். முதல் முயற்சியிலேயே இருபதைத் தொட நினைக்காமல், குறைவாக வாங்கி, விலை தெரிந்தபின் மெல்ல ஏறுவதே புத்திசாலித்தனம்.

'செக்-அவுட்' ஆட்டத்தில் கணக்கு தலைகீழ். ஐந்து பொருள்களுக்கும் விலை சொல்ல வேண்டும். ஆனால் பார்ப்பது மொத்தத்தை மட்டும். உண்மைத் தொகைக்கு இரண்டு டாலர் முன்பின் இருக்கலாம். ஒன்றில் கூடுதலாகச் சொன்னதை இன்னொன்றில் குறைத்துச் சொன்னது ஈடுகட்டும். பயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாகக் கூட்டியே சொல்வதுதான் ஆபத்து.

பழைய பகுதிகளைப் பார்த்து மனப்பாடம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'க்ரோசரி கேம்' 1980-இல் தொடங்கியபோது எட்ட வேண்டிய தொகை 6.75 டாலரிலிருந்து 7 டாலர் வரை. 'செக்-அவுட்' 1982-இல் வந்தபோது அனுமதித்த வித்தியாசம் 50 சென்ட். பாப் பார்க்கர் காலத்து விலைகளை வைத்துக்கொண்டு இன்றைய மேடையில் நின்றால் கதி என்ன என்பதை இந்த எண்களே சொல்லும். மேலும், பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் நடுவே மாதங்கள் ஓடும். ஒளிபரப்பாகும் வாரத்தில் முட்டை விலை ஏறியிருக்கலாம். திரையில் காட்டும் விலை பதிவு நாளுக்கு உரியது.

மனப்பாடம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. 2008 செப்டம்பரில் பதிவாகி அந்த டிசம்பரில் ஒளிபரப்பான பகுதியில் ஒரு போட்டியாளர் இறுதிச் சுற்றுப் பரிசுத் தொகுப்பின் மதிப்பை 23,743 டாலர் என்று ஒரு டாலர்கூடப் பிசகாமல் சொன்னார். ஏதோ சூழ்ச்சி என்று பதிவையே நிறுத்தி வைத்தார்கள். அவர் தினமும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பார்த்து, ஒரே பொருள்கள் ஒரே விலையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருந்தார். அவருக்குக் கைகொடுத்தது அண்மைக் கால விலைகள்.

கடைசியாக ஒன்று, ஜெயித்தவர்கள் கோட்டைவிடுவது. நிகழ்ச்சியில் சொல்லப்படும் பரிசு மதிப்பு ஆட்டத்தோடு முடிந்துபோவதில்லை. அமெரிக்காவில் பரிசும் வருமானம். அந்த மதிப்பே வருமான வரிக் கணக்குக்குத் தொடக்கப்புள்ளி. சாஸ் பாட்டிலுக்கு இதனால் பாதிப்பில்லை. அதே மளிகை ஆட்டத்தில் ஜெயித்த காருக்கு உண்டு. கடையில் பேரம் பேசி இன்னும் குறைவாக வாங்கியிருக்கக்கூடிய காருக்குப் பரிந்துரை விலையில் வரி வந்து நிற்கும்போது, சிலர் பரிசே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி மறுக்க அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது.