இரட்டைக் கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வரும் இரைச்சலைக் குறைக்கும் வழி

புதுச்சேரியில் காமராஜர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, மறைமலை அடிகள் சாலைப் பேருந்து நிலையத்தின் சுற்றுவட்டம் போன்ற இடங்களில் குடியிருப்பவர்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்ட பிறகும் பேருந்தின் உறுமல் படுக்கையறைக்குள் கேட்பதைக் கண்டு ஏமாற்றமடைவதுண்டு. ஒரே தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளையும் நடுவே 12 மி.மீ. இடைவெளியையும் கொண்ட சாதாரண அமைப்பு முதன்மையாக வெப்பத்தைத் தடுக்கவே உருவானது. குறுகிய இடைவெளியில் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லாகச் செயல்படுவதால், ஏறத்தாழ 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிக்கு இரு கண்ணாடிகளும் சேர்ந்தே அதிர்ந்து, அதை உள்ளே கடத்திவிடுகின்றன. ஆனாலும் கண்ணாடியை மாற்றுவதில் தொடங்க வேண்டாம். முதலில் காற்று நுழையும் சந்துகளை அடைக்க வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால்கூட, மீதிப் பகுதி எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

வேலைக்கு முன்னும் பின்னும், கைப்பேசியில் உள்ள டெசிபல் செயலியால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் துல்லியமாக இராது என்றாலும் முன்பின் ஒப்பிட உதவும். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியானது போல் தோன்றும்.

பிற்பகலில் கடற்காற்று வீசும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை கலையும் இடமெல்லாம் சாக்பீஸால் குறியிடப்பட வேண்டிய இடம். பெரும்பாலும் சட்டமும் சுவர்ப்பூச்சும் சேரும் கோட்டில்தான் குறிகள் அதிகம் விழும். அங்குள்ள பழைய சீலன்ட்டை (சந்தை அடைக்கும் பசையை) சுரண்டி, தூசி தட்டி, ஈரம் காய்ந்த பின், ஆழமான சந்தில் ஃபோம் கயிற்றைத் திணித்து, மேலே நியூட்ரல் சிலிக்கான் சீலன்ட்டைப் பூச வேண்டும். புளித்த காடி வாடை வீசும் மலிவான சிலிக்கான், சிமெண்ட் பூச்சில் சரியாக ஒட்டாது என்பதால் அதை வாங்காதீர்கள். சட்டத்தின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அறைக்குள் வழியும்.

அடுத்து ஜன்னல் கதவுகளைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்து ஜன்னலை மூடி இழுத்தால் அது எளிதாக உருவி வருமிடத்தில் ரப்பர் கேஸ்கட் (ஓரப்பட்டை) தளர்ந்துள்ளது. அதை மாற்றுவதுடன் பூட்டின் இறுக்கத்தையும் கூட்ட வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலில் பிரஷ் போன்ற பீடிங் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றலாம், ஆயினும் திறந்து மூடும் வகை ஜன்னல் அளவுக்கு அது இறுகாது. அதே அறையிலுள்ள வென்டிலேட்டரையும் ஏசி குழாய் செல்லும் ஓட்டையையும் மறந்துவிட வேண்டாம். சமையலறையில் மட்டும் எரிவாயு அடுப்பின் பாதுகாப்புக்காக வென்டிலேட்டர் திறந்தே இருக்கட்டும். தடித்த திரைச்சீலை அறையின் எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளிச்சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் உறுமல் குறையவில்லையெனில், உட்பக்கமாக இன்னொரு ஜன்னல் போடுவதே நான் பரிந்துரைக்கும் வழி. ஒன்பது அங்குலச் சுவரில், கம்பி கிரில் குறுக்கே வராத வீடுகளில், பழைய ஜன்னலிலிருந்து 100 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி இதைப் பொருத்த இடம் கிடைக்கும். இடைவெளி கூடக் கூட, கண்ணாடிகள் சேர்ந்து அதிரும் ஒலி மேலும் தாழ்ந்துபோய், வாகன உறுமலின் பெரும்பகுதி தடுபடும். கண்ணாடி பழையதின் தடிமனிலிருந்து மாறுபட்ட லேமினேட்டட் வகையாக இருப்பது நல்லது. லேமினேட்டட் என்பது ஒட்டவைத்த இரு கண்ணாடித் தகடுகள்; அவற்றின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலம் அதிர்வை உறிஞ்சுகிறது. கடற்கரைக்கு அருகில் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளையே கேளுங்கள். சாதாரணத் திருகுகள் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். ஆபத்து நேரத்தில் வெளியேறவும் துடைக்கவும் இந்த ஜன்னல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

உள்ஜன்னலுக்கு இடமே இல்லாதவர்கள்தான் பழைய சட்டத்திலுள்ள கண்ணாடியை மாற்ற வேண்டும். அப்போது ஒரு பக்கம் தடித்த லேமினேட்டட், மறுபக்கம் மெல்லியது என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ எடையுள்ளது; ஆகவே கூடும் எடையைக் கீல்களும் சட்டமும் தாங்குமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.