தோப்புக்குள் வீடு, ரோட்டோரம் ஆபீஸ்: இரண்டுக்கும் ஒரே இணையம் அமைப்பது எப்படி?

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இந்த அமைப்பு சகஜம். தார் ரோட்டை ஒட்டிக் கொப்பரைக் களம், களத்து ஓரத்தில் பில் போட ஒரு சின்ன ஆபீஸ். அங்கிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உள்ளே தள்ளி, தென்னைகளுக்கு நடுவில் வீடு. ஆபீஸில் இ-வே பில் எடுக்கும் நேரம் பார்த்து நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். வீட்டில் அதுவும் கிடையாது; போன் பேசவே மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில், மழை, காற்று, கரண்ட் கட் எல்லாவற்றையும் தாங்குகிற இணையம் அமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். வேகத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 20 எம்பிபிஎஸ் அறுபடாமல் வந்தாலே பில், வீடியோ கால், கேமரா எல்லாம் ஓடிவிடும். ரவுட்டர் மட்டும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். எதை வாங்குவது என்பது முதல் இரண்டு படிகள் முடிந்த பிறகுதான் தெரியும்.

படி 1: ரோடு வரை ஃபைபர் வந்திருக்கிறதா?

முதலில் ஊர் கேபிள்காரரிடம் கேளுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல கிராமங்களில் உள்ளூர் ஆட்கள் மூலமாகத்தான் இழுக்கிறார்கள். ரோட்டோரக் கம்பங்களில் மெல்லிய கறுப்பு வயர் வளையமாகச் சுருட்டித் தொங்கினால் நல்ல சகுனம்.

ஃபைபர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆபீஸுக்கு வாங்கிவிடுங்கள். ஆனால் அதைத் தோப்பு வழியாக வீடு வரை இழுக்கச் சொல்லாதீர்கள். மேலே போனால் மட்டை விழுந்து அறுக்கும். மேலோட்டமாகப் புதைத்தால் உழவு டிராக்டர் அறுக்கும். அந்த 300 மீட்டரை வயர் இல்லாமல் கடப்பதுதான் நல்லது. அதைப் படி 4-இல் பார்ப்போம்.

ஃபைபர் இல்லையென்றால் 4ஜி அல்லது 5ஜி சிம்தான் வழி.

படி 2: சிக்னலை எண்ணாக அளந்து பாருங்கள்

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அதைக் காட்டும். நமக்கு வேண்டியது எண். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அழுத்தினால் சிக்னல் விவரம் வரும். வராவிட்டால் நெட்மான்ஸ்டர் போன்ற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதில் இரண்டு எண்கள் போதும். ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்பது சிக்னலின் பலம். இது மைனஸில் வரும். -80 என்றால் அருமை, -95 வரை சமாளிக்கலாம், -110ஐத் தாண்டினால் கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் (SINR) என்பது சிக்னலின் தெளிவு. 20க்கு மேல் இருந்தால் சுத்தம், 10 இருந்தால் பரவாயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கைக்குக் கிடைத்த எல்லாக் கம்பெனி சிம்மையும் போட்டு, ஆபீஸ் கூரை, வீட்டு மாடி, தண்ணீர்த் தொட்டி மேல் என்று இடம் மாற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்கு ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை வேகத்தையும் பாருங்கள். காலையில் பறந்து, இரவில் படுத்துவிட்டது, ஆனால் ஆர்எஸ்ஆர்பி அப்படியே இருக்கிறது என்றால் டவரில் கூட்டம் என்று அர்த்தம். அதற்கு எவ்வளவு பெரிய ஆன்டெனாவும் மருந்தாகாது. வேறு கம்பெனிக்கு மாறுவதே வழி.

படி 3: சிம் போடும் கருவியை வெளியே ஏற்றுங்கள்

ஃபைபர் கிடைத்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பலர் செய்வது, ரவுட்டரை வீட்டுக்குள் வைத்து, மாடியில் ஆன்டெனா வைத்து, நடுவில் 10 மீட்டர் மெல்லிய கோஆக்ஸ் வயர் (டிவி கேபிள் மாதிரியானது) ஓட்டுவது. 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த மெல்லிய வயர் மீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும். 3 டெசிபல் போனாலே சிக்னல் பாதி. ஆன்டெனா சேர்த்ததை வயர் அப்படியே விழுங்கிவிடுகிறது.

அதனால் சிம், ரவுட்டர், ஆன்டெனா மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கும் வெளிப்புற 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரை வாங்கி, கம்பத்திலேயே பொருத்துங்கள். அதிலிருந்து கீழே வருவது சாதாரண நெட்வொர்க் கேபிள்தான். 100 மீட்டர் வரை அதில் எந்த இழப்பும் தெரியாது, கரண்டும் அதே கேபிளில் மேலே போய்விடும். வெயிலைத் தாங்கும் கறுப்பு அவுட்டோர் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் போடுகிற கேபிள் நம் வெயிலில் வெடித்துவிடும்.

இடையில் ஒன்று. ஆன்லைனில் விற்கும் மொபைல் சிக்னல் பூஸ்டர் பக்கம் போகாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். அது டவரையே குழப்பி அக்கம்பக்கத்தார் போனையும் கெடுக்கும்.

படி 4: ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வயர்லெஸ் பாலம்

இதுதான் முக்கியமான வேலை. ஆபீஸ் கூரையில் ஒன்று, வீட்டு மாடியில் ஒன்று என ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வேண்டும். டிபி-லிங்க், யுபிக்விட்டி, மைக்ரோடிக் எதுவானாலும் சரி, இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இதற்கான அலைவரிசைகளை இந்திய அரசு 2018-லேயே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. செட்டிங்கில் நாடு இந்தியா என்று போட்டால், அனுமதித்த சேனல்கள் மட்டும் வரும்.

இரண்டு கருவிக்கும் நடுவில் பார்வை மறையக் கூடாது. அதிலும் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் போதாது. அலை போகும் பாதை மத்தளம் மாதிரி நடுவில் உப்பியிருக்கும். 300 மீட்டருக்கு நடுப்பகுதியில் அந்த உப்பலின் ஆரம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்க வேண்டும்.

தென்னந்தோப்பில் இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். நெட்டை மரமா குட்டை மரமா என்பதைப் பொறுத்தது. நன்றாக வளர்ந்த நெட்டை மரத்தோப்பில் கொண்டை பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேலே இருக்கும். 5, 6 மீட்டர் உயரத்தில் வெறும் தண்டுதான். 25 அடி இடைவெளியில் நட்டிருந்தால் இரண்டு வரிசைக்கு நடுவில் ஏழரை மீட்டர் சந்து கிடைக்கிறது. நம் மத்தளம் அதில் தாராளமாகப் போகும், வரிசை வீட்டை நோக்கி இருந்தால். அதனால் கம்பத்தை உயர்த்துவதைவிட, ஆபீஸ் கூரையில் அதை இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் வீடு பளிச்சென்று தெரியும். குட்டை ரகமோ, இளங்கன்றோ என்றால் கொண்டை சரியாகக் கம்பத்தின் உயரத்தில் வந்து நிற்கும். அப்போது மேலே போக வேண்டும், அல்லது நடுவில் மோட்டார் ரூம் கூரையில் இன்னொரு ஜோடி வைத்துத் தாண்ட வேண்டும். வெயிலில் வேலை செய்து மழையில் மட்டும் அறுகிற இணைப்பு என்றால், பாதையில் எங்கோ ஓலை இருக்கிறது. ஈர ஓலை இந்த அலையை நன்றாகக் குடிக்கும்.

கருவிகளைக் கம்பத்தில் ஏற்றும் முன் மேஜையில் வைத்தே செட் செய்துவிடுங்கள். ஆபீஸ் கருவியை ஆக்சஸ் பாயின்ட் (இணைப்பைக் கொடுக்கும் முனை), வீட்டுக் கருவியை கிளையன்ட் (அதை வாங்கும் முனை) என்று வையுங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால் இவற்றுக்கு 192.168.1.2, 192.168.1.3 என்று நிலையான முகவரி கொடுத்து, இரண்டிலும் டிஹெச்சிபியை, அதாவது தானாக முகவரி கொடுக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டர் ஒன்றே பார்க்கட்டும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அகலம் கூட்டினால் வேகம் ஏறும், தொந்தரவும் ஏறும். கடவுச்சொல் வைத்து இணைத்து, மேஜையில் நெட் ஓடுவதைப் பார்த்த பிறகு ஏணியை எடுங்கள்.

இந்தக் கருவிகளுக்குக் கரண்ட் தரும் அடாப்டரில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். பிஓஈ (PoE) என்று எழுதியது மேலே கருவிக்கு, அதில்தான் கரண்டும் போகும்; லேன் (LAN) என்று எழுதியது ரவுட்டருக்கு. மாற்றிச் செருகினால் ரவுட்டர் போர்ட்டுக்கு 24 வோல்ட் போய்ச் சேரும்.

கம்பத்தில் ஏற்றிய பின், முனைக்கு ஒருவர் நின்று போனில் பேசிக்கொண்டே கருவியை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நல்ல பாதையில் 300 மீட்டருக்குக் கருவியின் செட்டிங் பக்கம் சிக்னலை -50 முதல் -60 வரை காட்டும். -70க்குக் கீழே போனால் ஏதோ மறைக்கிறது. எண் சரியாக வந்ததும் கிளாம்பை இறுக்குங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று இங்கே சும்மா விடாது. பிளாஸ்டிக் டை மட்டும் கட்டினால் கருவி வேறு திசை பார்க்கும். ஒன்றரை அங்குல ஜிஐ பைப், இரண்டு இடத்தில் சுவர் கிளாம்ப், மேலே ஸ்டீல் பட்டை.

கேபிள் கருவிக்குள் நுழையும் இடம் கீழ்நோக்கி இருக்கட்டும். அந்த ஓட்டையை மூடியால் நன்றாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

படி 5: கரண்டும் இடியும்

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் விழுந்து ரவுட்டர் அணைந்து எழும். நெட் போனது என்று பலர் சொல்வது பாதி நேரம் இதுதான். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கு முன் போட்டால் தீர்ந்தது. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் யுபிஎஸ்ஸோடு பொருந்த வேண்டும். பாலக் கருவிகளின் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள், இரண்டு முனையிலும். ஒரு முனையில் கரண்ட் போனாலும் பாலம் போச்சு.

கம்பத்துக்கு எர்த் கட்டாயம். அதை வீட்டு எர்த்தோடு எலெக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இடி நெருங்கினால் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் உருவி வையுங்கள். மாடியிலிருந்து இறங்கும் அந்தக் கேபிள் வழியாகவும் மின்னல் வரும்.

படி 6: வீட்டுக்குள் வைஃபை

ரவுட்டரை ஹால் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோ மேலே வேண்டாம். தூர அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ். தகரக் கூரைக் களத்துக்கு சிக்னல் உள்ளிருந்து போகாது, அங்கே தனியாக வைஃபை பரப்பும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வேண்டும்.

படி 7: இரண்டாவது வழி

ரோட்டில் ஜேசிபி இறங்கினால் ஃபைபர் அறும். அதற்கு வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு 4ஜி இணைப்பு நிற்க வேண்டும். இரண்டு வான் (WAN) போர்ட், அதாவது வெளியிலிருந்து நெட் நுழையும் இரண்டு ஓட்டைகள், உள்ள ரவுட்டர், அல்லது ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளும் சிம்மும் ஏற்கும் 4ஜி ரவுட்டர் வாங்கி, ஃபைபரை முதன்மை, சிம்மை மாற்று என்று வையுங்கள். பிறகு வீடியோ ஒன்றை ஓடவிட்டு ஃபைபர் வயரை உருவிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தானாக மாற வேண்டும்.

சும்மா கிடக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துபோனது, தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரியும். போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்று கருவிகளின் முகவரி, கடவுச்சொல், பொருத்திய அன்று வந்த சிக்னல் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆபீஸ் சுவிட்ச் போர்டு பக்கம் ஒட்டுங்கள். ஆடி முடிந்ததும் அந்த எண்ணோடு ஒப்பிட்டு, பத்துக்கு மேல் குறைந்திருந்தால் கம்பத்துக் கிளாம்பைப் பாருங்கள்.