விண்டோஸ் 11 லேப்டாப் பூட் ஆகாத நாளுக்கு: பேக்கப், பென்டிரைவ், 48 இலக்கச் சாவி

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் பத்திரமாக இருக்கும். அதைத் திறக்க வேண்டிய மென்பொருள் மட்டும் பூட் ஆகாத லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பேக்கப் எடுத்தும் தவிப்பவர்களில் பலர் இப்படித்தான் சிக்குகிறார்கள். எனவே பேக்கப் எடுக்கும் அன்றே, அதைத் திரும்பப் போடும் பென்டிரைவையும் செய்து, ஒருமுறை பூட் செய்து பார்த்துவிடுங்கள். ஒரு விடுமுறை நாள் மதியம் போதும்.

முதலில் சாவி

இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டின் பெயர் பிட்லாக்கர். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். ஆறு ஆறு எண்களாக எட்டுத் தொகுதி. அது இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

ஸ்டார்ட் மெனுவில் பிட்லாக்கர் என்று தேடித் திறந்து, சாவியை பேக்கப் எடுக்கும் தேர்வை அழுத்தி, அச்சிட்டுக்கொள்ளுங்கள். கூடவே வரும் அடையாள எண்ணையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று லேப்டாப் இருந்தால், எந்தத் தாள் எதற்கு என்று சொல்வது அதுதான். தாளை லேப்டாப் பையில் வைக்க வேண்டாம். பை தொலைந்தால் பூட்டோடு சாவியும் சேர்ந்து போகும்.

லேப்டாப்பைக் கடைக்காரர் தன் கணக்கில் நுழைந்து தயார் செய்து கொடுத்திருந்தால், சாவி அவருடைய கணக்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலில் சாவி தெரிகிறதா என்று இன்றே பாருங்கள்.

என்ன வாங்குவது

512 ஜிபி லேப்டாப்புக்கு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒரு 32 ஜிபி பென்டிரைவ், ஒரு 8 ஜிபி பென்டிரைவ். டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பைக்கூட ஏற்காது. டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றின் நகலான இமேஜ் கோப்போ நூறு ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். அடிமாட்டு விலைக்கு வரும் 1 டிபி பென்டிரைவ்களை நம்பாதீர்கள். உள்ளே சில ஜிபி மட்டும் வைத்துவிட்டு, கணினியிடம் பொய்க் கணக்குக் காட்டும் ரகம் அவற்றில் நிறைய.

இமேஜ் எடுப்பது

ரெஸ்க்யூஜில்லா, குளோன்ஜில்லா இரண்டும் இலவசம், நல்ல கருவிகள். ஆனால் பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்குக்கு இவை தோதுப்படாது. வெளியிலிருந்து பூட் ஆவதால், பூட்டிய பகுதியில் எது கோப்பு, எது காலி இடம் என்று அவற்றால் பிரித்தறிய முடியாது. முழுவதையும் அப்படியே நகலெடுக்கும். 100 ஜிபி மட்டும் பயன்படுத்தியிருந்தாலும் இமேஜ் கிட்டத்தட்ட டிஸ்க்கின் முழு அளவுக்கு வரும், சுருங்கவும் செய்யாது.

விண்டோஸுக்குள்ளேயே ஓடும் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிஸ்க் திறந்திருக்கும்போதே படிப்பதால் பயன்படுத்திய இடம் மட்டும் இமேஜில் சேரும். நாங்கள் கைகாட்டுவது வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு. நிறுவி, புதிய பேக்கப் வேலை தொடங்கும்போது முழுக் கணினி என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காட்டுங்கள். சேமிப்பு அமைப்புகளில் பேக்கப் கோப்புக்குக் கடவுச்சொல் போடும் இடம் உண்டு. அதைக் கட்டாயம் போடுங்கள். திறந்த நிலையில் எடுத்த இமேஜில் பிட்லாக்கர் பூட்டு இருக்காது. கடவுச்சொல் இல்லாவிட்டால் அந்த டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் கோப்புகள் அவர்களுக்குத் திறந்த புத்தகம். கடவுச்சொல்லைச் சாவித் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும் நாளில் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும்.

ஒன்டிரைவில்தான் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைக்கும் ஏற்பாடு. இங்கே அழித்தால் அங்கும் அழியும். தனிநபர் கணக்கில் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காக்கும்.

இரண்டு பென்டிரைவ்கள்

32 ஜிபி பென்டிரைவில், பேக்கப்பைத் திரும்பப் போட உதவும் வீம் ஏஜென்டின் மீட்பு மீடியாவைச் செய்யுங்கள். அந்த வரிசையில் இந்தக் கணினியின் டிரைவர்களையும் (உள்பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் இருக்கட்டும். ஏன் என்பது சோதனையில் தெரியும்.

8 ஜிபி பென்டிரைவ் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலுக்கு. இமேஜே பாழானாலும் விண்டோஸைப் புதிதாகப் போட இது உதவும். இரண்டு வேலையிலும் பென்டிரைவில் உள்ளது துடைக்கப்படும். கல்யாணப் படங்கள் இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். விண்டோஸிலேயே உள்ள ரெகவரி டிரைவ் வசதியும் மோசமில்லை, ஆனால் அது விண்டோஸை மட்டும் மீட்கும், உங்கள் கோப்புகளை அல்ல.

சோதனை

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். 32 ஜிபி பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள்: டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9, அசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லையென்றால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் பூட் மெனுவை இயக்க வேண்டும். சில லெனோவாக்களில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவு துளை இருக்கும். சிம் ஊசியால் அழுத்தினால் மெனு வரும்.

மீட்புத் திரை வந்ததும் மூன்றைப் பாருங்கள். டச்பேட் நகர்கிறதா? நகராவிட்டால் யுஎஸ்பி மவுஸ் வேண்டும். பென்டிரைவ், டிஸ்க், மவுஸ் மூன்றுக்கும் போர்ட் போதாது, ஒரு ஹப் வாங்கி வையுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ள பேக்கப் தெரிந்து, கடவுச்சொல் போட்டால் திறக்கிறதா? லேப்டாப்பின் உள் டிஸ்க்கான எஸ்எஸ்டி பட்டியலில் வருகிறதா?

கடைசிக் கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் இல்லாத மீடியாவில் பூட் செய்தால் டிஸ்க்கே இல்லை என்று காட்டும். டிரைவர்களைச் சேர்த்த மீட்பு மீடியாவில் பொதுவாக இது வராது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் வரலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். நிறுவும்போது லோட் டிரைவர் கொடுத்து அதைக் காட்டினால் டிஸ்க் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைக்கச் சொல்லும் வீடியோக்களைக் கேட்டுச் செய்யாதீர்கள். ஏற்கெனவே உள்ள விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றுவிடும்.

மூன்றும் சரியென்றால், ரீஸ்டோர் பொத்தானைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இமேஜை வாரம் ஒருமுறை புதுப்பித்தால் போதும். நிஜமாகவே மீட்க நேர்ந்தால், மீண்டு வரும் விண்டோஸில் டிஸ்க் பூட்டப்படாமல் இருக்கும். பிட்லாக்கரைத் திரும்ப இயக்கும்போது புதிய சாவி உருவாகும். புதியதை அன்றே அச்சிட்டு, பேக்கப் கடவுச்சொல்லையும் அதில் எழுதிக்கொண்டு, பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.